பட்டிப்பொலவில் இரண்டு நாள்

மலைநாட்டின் எழிலைக் கண்டு வருவோம் என்று புறப்படும் குடும்பங்களிற் பெரும்பாலானவை நுவரெலியா ஏரிக்கரையோடும் ஹக்கலைப் பூங்காவோடும் திரும்பிவிடுகின்றன. சீதாஎலியவில் அம்மனை வணங்கி, வழியோரக் கடையில் லீக்ஸ் ஒரு கட்டும் கறட் ஒரு கட்டும் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டால், பயணம் நிறைவெய்திவிட்டதென்றே அவர்கள் கருதுகின்றனர். அந்த லீக்ஸ் எந்த மண்ணில் விளைந்தது, அதை விளைவித்தவர் தம் இரவை எவ்வாறு கழித்தார் என்று கேட்போர் மிகச் சிலரே. அதனை அறிய விரும்புவோர் நுவரெலியாவிலிருந்து தெற்கு நோக்கி அம்பேவெல வழியாகப் பட்டிப்பொல வரை செல்லுதல் வேண்டும்.

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 6,200 அடி. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை, இந்த உச்சியைக் கடந்து 1893இல் ஹப்புத்தளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. பட்டிப்பொலவைத் தாண்டியதும் வண்டி ஒரு சுரங்கத்துள் நுழைகிறது. நுழையும்போது மத்திய மாகாணம், வெளிவரும்போது ஊவா. இப்பால் மூடுபனியும் அப்பால் இளவெயிலுமாக இருக்கும் விந்தையைப் பயணிகள் பலர் கண்டிருப்பர்.

நாம் அங்குச் சென்றது சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில். நிலையத்தில் இறங்கிய எம்மை முதலில் வரவேற்றது குளிர். அடுத்து வரவேற்றது மண்ணின் மணம். ஊர் என்று சொல்லத் தக்கது ஒரு வீதியும், சில கடைகளும், அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களுமே. சிங்களரும் தமிழரும் கலந்து வாழ்கின்றனர். தேநீர்க் கடையில் இரு மொழிகளும் ஒரே வாக்கியத்துக்குள் புகுந்து புறப்படுவதைக் கேட்டு மகிழ்ந்தோம். ஒரு பக்கம் அம்பேவெலப் புல்வெளிகளிற் கறவைப் பசுக்கள் மேய்கின்றன. மறுபக்கம் படிப்படியாக வெட்டப்பட்ட சரிவுகளில் உருளைக்கிழங்கும் கோவாவும் பீற்றூட்டும் பசுமை விரித்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, கோடு கிழித்தாற்போல, கருமை படிந்த காடு தொடங்குகிறது.

இம்மரக்கறிச் செய்கையை எளிதென எண்ணிவிடலாகாது. லீக்ஸ் தண்டு வெண்மையாக வரவேண்டுமாயின், அது வளர வளர அதன் அடியில் மண்ணை அணைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். தை, மாசி மாதங்களில் இரவில் உறைபனி விழும். காலை வெயில் அதன்மேற் பட்டதும் இலைகள் தீய்ந்து கருகும். ஆதலால் விடியுமுன் எழுந்து, விறைக்கும் கைகளால் பயிருக்கு நீர் தெளித்துப் பனியைக் கழுவுகின்றனர். பனியினின்று தப்பியதை விலைவீழ்ச்சி விழுங்குவதும் உண்டு. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது இம்மலைச்சரிவுகளின் கமக்காரர் பட்ட பாட்டை இன்றும் கதை கதையாகச் சொல்கின்றனர்.

அத்தகைய ஒருவரின் வீட்டு விறாந்தையில் அன்று மாலை அமர்ந்திருந்தோம். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். அவருடைய தாயும் தந்தையும் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய தமையனார் குடும்பத்தோடு இந்தியா சென்றுவிட, இவர் இங்கேயே தங்கினார். குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் நிலமே இவருடைய உலகம். இருட்டியதும் மேட்டுப் பக்கத்திலிருந்து தகரம் தட்டும் ஓசை எழுந்தது. என்னவென்று வினவினோம்.

“பன்னிக்குக் காவல் ஐயா. ஒரு ராத்திரி கண்ணசந்தா, மூணு மாசப் பாடு போச்சு. காலையில போய்ப் பார்த்தா உழுது போட்ட மாதிரி கெடக்கும்” என்றார் பெரியவர்.

காட்டுப் பன்றி கிழங்கைத் தின்பதோடு நிற்பதில்லை. தின்னாததையும் கிளறி எறிந்துவிட்டுச் செல்லும். அன்றிரவு அவருடைய மகன் குடிசைக் காவலுக்குச் சென்றார். பெரியவரும் நெடுநேரம் உறங்கவில்லை.

மறுநாள் விடியுமுன் ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். சிங்கள மக்கள் ‘மஹ எலிய’ என வழங்கும் இப்பெருவெளிக்கு, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் இட்டனர். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வாயிலிற் பொலித்தீன் பைகளைப் பரிசோதித்து வாங்கிக்கொண்டே உள்ளே விடுகின்றனர், வரவேற்கத்தக்க ஒழுங்கு.

கதிரவன் எழுந்தபோது புல்வெளி முழுவதும் வெள்ளி பூத்தாற்போல் மின்னியது. மரைக் கூட்டம் ஒன்று தலைநிமிர்ந்து எம்மைப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்ந்தது. குட்டைமூங்கில் நெருங்கி வளர்ந்த ஓடையைக் கடந்து, பாசி போர்த்த மரங்களினூடே நடந்து ‘உலக முடிவு’ எனும் விளிம்பை அடைந்தோம். காலடியில் 800 மீற்றருக்கும் மேலான செங்குத்துப் பள்ளம்! அடியில் சிற்றூர்களும் வயல்களும் பொம்மைகள்போலத் தெரிந்தன. நாம் சென்றது நற்காலம். அரை மணி நேரத்தில் முகில் எழுந்து யாவற்றையும் மூடிவிட்டது.

அம்முகிலைப் பழிப்பதற்கில்லை, அதுவே இத்தீவின் செல்வம். இங்குள்ள குட்டை மரங்களின் இலைகளும் பாசியும் காற்றில் மிதக்கும் மூடுபனியைத் தடுத்துப் பிடித்துத் துளித்துளியாக நிலத்தில் இறக்குகின்றன. புல்வெளியும் சதுப்பும் அதனை உறிஞ்சி வைத்திருந்து சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் இச்சமவெளியிலிருந்து நீர் செல்கிறது. கொழும்பில் குழாயைத் திறப்பவரும், மகாவலி வாய்க்காலில் நெல் விதைப்பவரும், பட்டிப்பொலவிற் கறட்டுக்கு நீர் பாய்ச்சுபவரும் இக்காட்டுக்குக் கடன்பட்டவர்களே. 1873ஆம் ஆண்டிலேயே, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு தாவரவியல் அறிஞர் யோசேப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். கோப்பியும் தேயிலையும் மலைகளை மொட்டையடித்த காலத்தில் இவ்வுச்சிக் காடுகள் எஞ்சியமைக்கு அந்த ஆலோசனை பெரிதும் துணைசெய்தது.

காடு எஞ்சியது, காட்டின் பிள்ளைகள் எல்லாரும் எஞ்சவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இம்மலைகளில் யானையையும் மரையையும் வேட்டையாடியமையை நூல்களாகவே எழுதிவைத்தார். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகிறது. இன்று இச்சமவெளியில் யானை இல்லை. பேக்கரின் பெயரைத் தாங்கிய நீர்வீழ்ச்சி மட்டும் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. அழிந்தொழிந்தது என்று பலரும் எண்ணியிருந்த மலைத் தேவாங்கு ஒன்றை ஆய்வாளர்கள் இம்மலைக்காட்டிற் கண்டுபிடித்துப் படமெடுத்தனர். 2010இல் அச்செய்தி உலகெங்கும் பரவியது. உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு உயிர், மனிதர் மறந்துவிட்டபோதும் தன் இருளில் வாழ்ந்துகொண்டிருந்தது.

இக்காட்டின் தலையாய வேட்டை விலங்கு சிறுத்தை. நாம் அதனைக் காணவில்லை. ஈரமண்ணில் அதன் அடிச்சுவட்டை வழிகாட்டி காட்டினார். சிறுத்தைக்கு எல்லைக் கல் தெரியாது. தேயிலை மலைகளிடையே துண்டு துண்டாக எஞ்சிய சோலைகள் வழியாகவும் ஓடைக்கரைகள் வழியாகவும் அது தோட்டங்களுக்குள் வந்து செல்கிறது. அங்கேதான் அதன் எமன் காத்திருக்கிறான். அவன் பெயர் சுருக்குக் கம்பி.

2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மஸ்கெலியாவுக்கு அப்பால், நல்லதண்ணியை அடுத்த லக்ஷபான தோட்டத்தில், மரக்கறிப் பாத்தியருகே இடப்பட்டிருந்த கம்பிக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. காண்பதற்கு மிக அரியது அவ்விலங்கு. வனசீவராசிகள் திணைக்களத்தார் அதனை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும், சில நாட்களுள் அது இறந்துவிட்டது. மோட்டார் சைக்கிளின் பழைய கம்பியே இத்தகைய கண்ணிகளுக்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. இடுப்பில் விழுந்த சுருக்கு, விலங்கு திமிறத் திமிற இறுகி, உள்ளுறுப்புக்களை நசுக்கிவிடுகிறது.

அன்று மாலை திரும்பியதும் இதுபற்றிப் பெரியவரிடம் பேசினோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “நானும் ஒரு காலத்துல வச்சவன்தான் ஐயா. ஒருநாள் எங்க வீட்டு நாயே மாட்டிக்கிட்டுச்சு. கம்பிக்கு என்ன தெரியும்? பன்னியா, புலியா, நாயான்னு பார்த்தா இறுக்குது? அன்னைக்கே பிடுங்கிட்டேன். ஆனா வச்சவனைத் திட்டுறீங்களே, அவன் வீட்டு அடுப்பையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க” என்றார்.

அச்சொற்கள் எம்மை விட்டு அகலவில்லை. தேயிலைத் தோட்ட நாட்கூலி குடும்பத்துக்குப் போதாமையினாலேயே, லயன் ஓரத்துத் துண்டு நிலத்தில் மக்கள் நாலு பாத்தி மரக்கறி இடுகின்றனர். அது பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உரிய பணம். அதனைப் பன்றி ஓர் இரவில் அழித்தால் ஈடு செய்வார் யார்? 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைக் காக்கிறது. கண்ணி வைத்தவர் தண்டனைக்கு உரியவர். அது முறையே. ஆயினும் தண்டனை ஒன்றினால் மட்டும் கம்பி மறைந்துவிடும் என்று எண்ணுதல் பேதைமை.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. சிறுத்தை உண்ணும் இரைகளுள் காட்டுப் பன்றியும் ஒன்று. சிறப்பாகப் பன்றிக் குட்டிகளை அது வேட்டையாடும். அவ்வாறாயின், கூலி கேளாது உழவனின் வயலைக் காக்கும் காவலாளி அன்றோ சிறுத்தை! பன்றிக்கு வைத்த கம்பியில் அக்காவலாளி மாண்டுபோனால், அடுத்த ஆண்டு பன்றி பெருகும். பன்றி பெருகினால் கம்பியும் பெருகும். இச்சுழலிலிருந்து கமக்காரர் தனித்து மீள இயலாது. அயலவர் பலர் கூடி முறைவைத்துக் காவல் காத்தலும், பாத்திகளைச் சிதறவிடாது ஒன்றாக வளைத்து உறுதியான வேலியிடுதலும், காட்டை ஒட்டிய ஓரத்தில் பன்றி விரும்பும் கிழங்கைத் தவிர்த்தலும் அவர்கள் செய்யத்தக்கவை. வேலிக்குரிய செலவிலும் பயிர் அழிவுக்குரிய ஈட்டிலும் பங்கேற்றல் அரசினதும் தோட்ட நிருவாகங்களினதும் கடமை. காட்டின் நீரை நாடு முழுவதும் அருந்தும்போது, காட்டருகே வாழ்வதன் நட்டத்தை ஏழை ஒருவரே சுமக்க வேண்டும் என்பது எவ்வகை நீதி?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல், மலைச்சரிவுகளின் உறுதி எத்துணை நொய்தானது என்பதை நிலச்சரிவுகளாற் காட்டிச் சென்றது. மலையகப் புகையிரதப் பாதையும் அதில் சேதமுற்றது. ஆதலால் பட்டிப்பொலவுக்குச் செல்ல விரும்புவோர் வண்டி ஓடும் நிலையை முன்னரே விசாரித்துப் புறப்படுதல் நலம். நுவரெலியாவிலிருந்து வீதி வழியாகச் சமவெளி ஏறத்தாழ 32 கிலோமீற்றர். கம்பளி உடையும், வழுக்காத பாதணியும், பொலித்தீனில் சுற்றாத உணவும் கொண்டு செல்க. முகில் மூடுமுன் உலக முடிவைக் காண வேண்டின் வைகறையிற் புறப்படுக. மரைக்கு உணவு எறியாதீர். பிள்ளைகளை உரக்கக் கூவ விடாதீர்.

இன்னும் ஒன்று. திரும்பும் வழியில் மரக்கறி வாங்கும்போது விலையைக் குறைக்கப் பேரம் பேசாதீர். அந்தக் கட்டுக்குள் ஒருவரின் உறக்கமில்லாத இரவுகள் பல இருக்கின்றன. கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தகரத்தைக் கையில் எடுத்த ஒருவரின் இரவுகளாகவும் அவை இருக்கக்கூடும்.