பாட்டிகள் விமானம் ஏறினார்கள்!

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். ஒரே மூச்சில் ஏறிவிட முடியாது. கொஞ்சம் ஏற வேண்டும். மண்டபத்தில் உட்கார வேண்டும். குரங்கின் கண்ணில் படாமல் தேங்காய் மூடியை மறைக்க வேண்டும். பிறகு மறுபடியும் ஏற வேண்டும்.

2024-ல் ரோப் கார் வந்தது. இப்போது சில நிமிடங்களில் மேலே போய் யோக நரசிம்மரைத் தரிசிக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனாலும் ஊர்ப் பெரியவர்களைப் பேச விட்டால் படிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த மண்டபத்தில் யார் மூச்சு வாங்கினார், எங்கே குரங்கு மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது என்று கதை கதையாக வரும்.

தொடர்கதை படிப்பதும் படி ஏறுவது மாதிரிதான். வாரத்துக்கு ஓர் இடம். நடுவில் உட்கார்ந்து பேசுவதற்கு ஆறு நாள்!

அப்படிப் படிக்கிற ஒரு குடும்பம் மலை அடிவாரத்தில் கொண்டபாளையத்தில் இருக்கிறது. ஆயாவுக்கு வயது எழுபத்தாறு. மகனுக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை. பேத்தி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறாள். பேரன் ஒன்பதாம் வகுப்பு. மருமகள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். "ஒரு வாரத்துக்கு ஒண்ணுதான் படிக்கணும். எனக்கு அப்படித்தான் சொன்னாங்க" என்று ஆயா உத்தரவு போட்டுவிட்டார். பதினோரு அத்தியாயம், பதினோரு ஞாயிற்றுக்கிழமை. புத்தகத்தைத் திருப்பித் தரும் நாள் வந்துவிடும். மறுபடி பதிந்து வாங்கி வருவாள். நானும் போய்த் திண்ணையில் இடம் பிடித்தேன்.

புத்தகம், சாவி எழுதிய "வாஷிங்டனில் திருமணம்".

ஒரு பெரிய பொய்

சாவி என்பது புனைபெயர். இயற்பெயர் விசுவநாதன். 1916-ல் பிறந்து 2001-ல் காலமானார். பிறந்த ஊர் மாம்பாக்கம். அன்றைய வட ஆர்க்காடு ஜில்லா. சோளிங்கரும் அதே ஜில்லாதான். ஆகவே நம்ம ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடலாம்!

இந்தக் கதை 1963-ஆம் ஆண்டு "ஆனந்த விகட"னில் வாரா வாரம் வந்தது. கோபுலு படம் போட்டார். கதை என்ன? அமெரிக்காவில் ஒரு கோடீசுவரச் சீமாட்டி, ராக்பெல்லர் மாமி. தென்னிந்தியக் கல்யாணம் எவ்வளவு அழகு என்று சொல்லக் கேட்கிறாள். ஒரு கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வருகிறது. இவள் இங்கே வரவில்லை. கல்யாணத்தையே அங்கே வரவழைக்கிறாள்! மணப்பெண் ருக்கு, மாப்பிள்ளை ராஜா, சாஸ்திரிகள், சமையல்காரர், நாதசுரக்காரர் எல்லோரும் விமானத்தில் போகிறார்கள். செலவு முழுவதும் மாமியுடையது.

திருவையாறு தியாகையர் உற்சவத்தில் நம்மவர் நடுவே இரண்டு வெள்ளைக்காரர்கள் சப்பணம் போட்டுப் பாட்டுக் கேட்டதைச் சாவி பார்த்தாராம். அந்தக் காட்சியிலிருந்துதான் கதை பிறந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

பூதம் இல்லை, பறக்கும் கம்பளம் இல்லை. ஆனாலும் இது மாயாஜாலக் கதைதான். பெரிய பொய் ஒன்றே ஒன்று. அதைச் சுற்றி நூறு சின்ன உண்மைகள். "இது நடக்குமா?" என்று சாவி ஓர் இடத்திலும் நிற்பதில்லை. அப்பளம் யார் இடுவது, பந்தல் யார் போடுவது என்பதுதான் அவர் கவலை.

காக்கை உண்டா?

முதல் வாரமே பேரன் கேட்டான். "இத்தனை பேருக்கும் விசா எப்படிக் குடுத்தாங்க? சென்னையில அமெரிக்கா ஆபீஸ் வாசல்ல எவ்ளோ பெரிய வரிசை!"

"பணக்காரி கூப்பிட்டா எல்லாம் குடுப்பாங்க, நீ படிக்க விடுடா" என்றார் ஆயா.

அப்பளம் இடப் பாட்டிமார்கள் விமானம் ஏறுகிற அத்தியாயம் வந்தது. அன்று திண்ணையில் ஒரே சிரிப்பு. சிரிப்பு அன்றோடு நிற்கவில்லை என்பதுதான் விசேஷம். திங்கட்கிழமை ஆயாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது: அந்த ஊர் வெயிலில் அப்பளம் காயுமா? செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு அம்மாள் பிரண்டைச் சாறு பற்றிப் பேசினார். பிரண்டையையும் விமானத்தில் கொண்டுபோனார்களா? புதன்கிழமை குழாயடியில் அடுத்த கேள்வி: வாஷிங்டனில் காக்கை உண்டா? இல்லையென்றால் அப்பளத்துக்குக் காவல் எதற்கு? அடுத்த ஞாயிறு வருவதற்குள் அந்தத் தெருவே அமெரிக்காவில் இருந்தது.

புத்தகத்தை ஒரே நாளில் முடித்திருந்தால் இந்தக் கேள்விகளுக்கு இடம் ஏது? பக்கம் புரண்டிருக்கும். சிரிப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.

இந்த மகிமையை வெள்ளைக்காரர்களும் அறிவார்கள். 1836-ல் லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸ் என்ற இளைஞர் "பிக்விக் பேப்பர்ஸ்" என்ற வேடிக்கைக் கதையை மாதாமாதம் எழுதினார். தொடக்கத்தில் நானூறு பிரதி அளவுக்குத்தான் விற்றது. நடுவில் சாம் வெல்லர் என்ற குறும்புக்கார வேலைக்காரன் கதைக்குள் வந்தான். முடிவதற்குள் 40,000 பிரதி! நம் நாட்டில் கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை ஓடியது. பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! கதை பாதியில் நிற்கும். மறுபக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். அதுவும் ஓர் அழகு.

சிரிக்காத ஒருவர்

திண்ணையில் ஒருவர் மட்டும் அதிகம் சிரிக்கவில்லை. அவர் ஆயாவின் மகன். மூன்றாம் வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "செலவெல்லாம் அந்த அம்மாதானா? பொண்ணைப் பெத்தவருக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல" என்றாள் மருமகள்.

"குடுத்து வெச்சவரு" என்றார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவர் மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. நகை பாக்கி. இந்தக் கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ராக்பெல்லர் மாமி ஒரு கற்பகத் தரு. பெண்ணைப் பெற்ற ஒவ்வொரு தகப்பனும் தூக்கத்தில் காண்கிற கனவு அவள்.

1963-ல் அந்தக் கனவுக்கு இன்னும் அதிக வேலை இருந்தது. 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு. வீட்டுப் பெண்கள் வளையலையும் தோட்டையும் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். 1963 ஜனவரி 10-ந் தேதி தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்று உத்தரவு! பொற்கொல்லர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. வரதட்சிணையைத் தடை செய்யும் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில், ஒருவர் செலவுக்குக் கணக்கே பார்க்காமல் ஒரு கல்யாணம் நடத்துகிறார் என்று எழுதினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெருமூச்சும் இருந்திருக்கும். சாவி அதைப் பற்றி ஒரு சொல் பிரசங்கம் செய்யவில்லை. அதனால்தான் இன்றும் படிக்க முடிகிறது.

பேத்தி சொன்னது

ஜானவாச ஊர்வலம் வந்தது. "ஜானவாசம்னா இன்னா ஆயா?" என்றான் பேரன். இவர்கள் வீட்டில் அந்தச் சொல் இல்லை. "நம்ம மாப்பிள்ளை அழைப்புதான்டா. ஐயமாருங்க அப்படிச் சொல்லுவாங்க" என்று ஆயா தீர்த்து வைத்தார்.

அந்த ஊர்வலத்தில் காஸ் விளக்குத் தூக்க நரிக்குறவர்களை விமானத்தில் கொண்டுபோகிறார்கள். படங்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி மட்டும், "அவ்ளோ தூரம் போயும் வெளக்குதான் தூக்கணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. சோளிங்கர் மலையடிவாரத்தில் மணி மாலை விற்கிறவர்களைத் தினம் பார்க்கிற பெண் அவள். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது. 1963-ல் இந்த இடத்தை வாசகர்கள் வேறு மாதிரி படித்திருப்பார்கள்.

அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. "கல்யாணப் பொண்ணைவிட அப்பளத்துக்குத்தான் ஜாஸ்தி பக்கம்" என்றாள். உண்மைதான். நடுவே ஓரிரு இடங்களில் கதை சாமான் பட்டியலாக நீள்கிறது என்பது என் கட்சி. அவள் கட்சி வேறு. "இந்தப் புள்ளைக்கு அங்க போய்க் கட்டிக்க இஷ்டமான்னு யாரும் கேக்கலையே" என்றாள். தகப்பனார் அன்று வாசலுக்குப் போகவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவளே சிரிக்க வைத்தாள். "நான் தெச்ச ஷூ எத்தனையோ வெளிநாட்டுக்குப் போவுது. ஒண்ணாவது வாஷிங்டன் போயிருக்கும். அதுக்கு விசா கேக்கல!"

விடுபட்ட வாரம்

ஆயாவின் உத்தரவுக்குக் காரணம் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது.

1963-ல் அவருக்குப் பதினாலு வயது இருக்கும். படிக்கத் தெரியாது. அடுத்த தெருவில் ஒரு வாத்தியார் வீடு. விகடன் வந்ததும் வாத்தியார் சம்சாரம் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். தெருப் பெண்கள் சுற்றி உட்காருவார்கள். பத்து வாரம் கேட்டாயிற்று. பதினோராவது வாரம் வருவதற்குள் வாத்தியாருக்கு மாற்றல். வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணம் முடிந்து அந்த ஜனங்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று ஆயாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டார். கற்றதும் பஸ் போர்டைப் படித்தார்; ரேஷன் கார்டைப் படித்தார். இந்தப் புத்தகம் கையில் கிடைக்க இத்தனை வருஷம்.

பதினோராவது ஞாயிறு. "நானே படிக்கிறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். சாதாரணமாக அரை மணியில் முடிவது, அன்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. நீங்களே வாங்கிப் படியுங்கள்.

புத்தகத்தை மூடிவிட்டு ஆயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நல்லாத்தான் எழுதிகிறார்" என்றார் பிறகு. "ஆனா அத்தினி பேரு சாப்ட்ட எலையை யாரு எடுத்தாங்க? அண்டாவை யாரு கழுவுனாங்க? அதப் படிச்ச மாதிரி எனக்கு ஞாபகம் இல்லியே!"

மருமகள் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தாள். "இருங்க அத்தே, எங்கயாவது இருக்கும்."