ஒரே ஃபங்ஷனில் எல்லா வேலையுமா? நீளமான கோடிங்கை ஏன் பிரிச்சு எழுதணும்? டொயோட்டா வழக்கு சொல்வது என்ன?

ஆக்சிலரேட்டரை மிதிச்சா கார் வேகமெடுக்கும், காலை எடுத்தா வேகம் குறையும். இன்றைய கார்களில் மிதிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். அந்த புரோகிராம், எழுதியவர்களாலேயே முழுசா சோதிக்க முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்க நீதிமன்றம் வரை போன கேள்வி இது.

என்ன நடந்தது?

2007 செப்டம்பரில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணத்தில் 2005 மாடல் டொயோட்டா கேம்ரி கார் விபத்துக்குள்ளானது. காரை ஓட்டிய பெண் படுகாயமடைந்தார். உடன் சென்றவர் உயிரிழந்தார். கார் தானாக வேகமெடுத்தது என்று வழக்கு தொடரப்பட்டது. டொயோட்டா அதை மறுத்தது.

டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுப்பதாக எழுந்த புகார்களை அமெரிக்க அரசுக்காக ஆய்வு செய்த நாசா பொறியாளர்கள், எலக்ட்ரானிக் கோளாறுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011-ல் கூறியிருந்தனர். ஆனாலும் 2013 அக்டோபரில் ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, 30 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. கூடுதல் அபராதம் முடிவாகும் முன்பே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

கோடிங்கில் என்ன சிக்கல்?

வழக்கு தொடுத்தவர்கள் தரப்பு நிபுணர் மைக்கேல் பார், காரின் சோர்ஸ் கோடை ஆய்வு செய்து சாட்சியம் அளித்தார். அவர் அடுக்கிய குறைகளில் ஒன்று, ஃபங்ஷன்களின் சிக்கல். ஃபங்ஷன் அல்லது மெத்தட் என்பது புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி.

இந்தச் சிக்கலை அளக்க, 'சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி' என்ற அளவீட்டை 1976-ல் தாமஸ் மெக்கேப் அறிமுகப்படுத்தினார். கணக்கு ரொம்ப சிம்பிள். 1-ல் தொடங்கி, ஒவ்வொரு 'இஃப்', ஒவ்வொரு 'லூப்'புக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகணும். 10-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றார் மெக்கேப்.

கேம்ரி காரில் 67 ஃபங்ஷன்கள் 50-ஐத் தாண்டியிருந்தன. அந்த அளவைத் தாண்டினால் சோதிக்கவே முடியாது என்றார் பார். த்ராட்டில் எவ்வளவு திறக்கணும் என்று கணக்கிடும் ஃபங்ஷனோ 100-ஐயும் தாண்டியிருந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வுதான் த்ராட்டில்.

நீளமும் சிக்கலும் ஒன்றல்ல. ஆனால் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். 20-வது வரியில் மாறிய ஒரு மதிப்பு 900-வது வரியில் பயன்பட்டால், நடுவில் அதை யார் மாத்தினாங்கன்னு தேடியே பொழுது போயிடும்.

தீர்வு என்ன?

வெளியே தெரியும் செயல்பாட்டை மாற்றாமல், உள்ளே இருக்கும் அமைப்பை மட்டும் சீராக்குவதற்குப் பெயர் 'ரீஃபேக்டரிங்'. இதே பெயரில் மார்ட்டின் ஃபௌலர் 1999-ல் எழுதிய புத்தகம், நீளமான மெத்தடை முக்கியக் குறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அதற்கு மருந்து, ஒரு பகுதியை வெட்டியெடுத்து தனிப் பெயர் கொடுக்கும் 'எக்ஸ்ட்ராக்ட் மெத்தட்'.

உதாரணமாக, த்ராட்டில் ஃபங்ஷன் ஒன்றை 'மிதியின் நிலையைப் படி', 'சென்சார் சரியா எனப் பார்', 'கோணத்தைக் கணக்கிடு', 'மோட்டாருக்கு அனுப்பு' என நான்காகப் பிரிக்கலாம். பெயர்களைப் படிச்சாலே கதை புரிஞ்சிடும். சென்சார் பழுதானால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சோதிக்கவும் முடியும்.

எப்படிப் பிரிப்பது?

1. முதலில் டெஸ்ட் எழுதுங்க. இல்லாவிட்டால், பிரித்த பிறகு எதுவும் கெடவில்லை என்று எப்படித் தெரியும்?

2. எந்த இடத்தில் விளக்கம் சொல்ல 'கமென்ட்' போட்டிருக்காங்கன்னு பாருங்க. பெரும்பாலும் அங்கேதான் தனி மெத்தட் ஒளிந்திருக்கும்.

3. அந்தப் பகுதியை வெளியே எடுத்து, 'என்ன செய்கிறது' என்பதைச் சொல்லும் பெயர் வையுங்க. விஷுவல் ஸ்டுடியோ, இன்டெல்லிஜே போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே வசதி உண்டு.

4. உடனே டெஸ்ட்டை ஓட்டுங்க. சரியா இருந்தா மட்டும் அடுத்த பகுதிக்குப் போங்க.

எவ்வளவு நீளம் சரி?

நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மான், உயிர் சம்பந்தப்பட்ட மென்பொருள்களுக்காக 2006-ல் 10 விதிகளை வெளியிட்டார். ஒரு ஃபங்ஷன் ஒரே தாளில் அச்சிடும் அளவுக்குள், அதாவது சுமார் 60 வரிக்குள் இருக்கணும் என்பது அதில் ஒன்று.

அதற்காக ரெண்டு ரெண்டு வரியாகத் துண்டு போடுவதும் தீர்வல்ல. துண்டுகளுக்குத் தெளிவான பெயர் இல்லையென்றால், ஒரே இடத்தில் இருந்த குழப்பம் பத்து இடத்துக்குப் பரவும். பிரித்த பகுதியைத் தனியாகப் படிச்சா புரியுதா, தனியாக டெஸ்ட் பண்ண முடியுதா? இந்த இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்' என்ற பதில் வந்தால், வெட்டிய இடம் சரி.