எட்ட நின்று அடிப்பது எப்படி?



ரெய்டு என்றால் நமக்குத் தெரிந்தது கபடி ரெய்டுதான். ஒருத்தர் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போவார், எதிரே ஏழு பேர் நிற்பார்கள். நான் எழுதப் போகிற ரெய்டு அப்படியே தலைகீழ். இங்கே போகிறது 40 பேர். எதிரே நிற்பது ஒண்ணே ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணு நம்ம சத்துணவுக் கூடத்தைவிடப் பெரிசா இருக்கும், கடிக்கும், நெருப்பையும் கக்கும்.

விளையாட்டின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். அமெரிக்காவின் ப்ளிசார்ட் கம்பெனி 2004 நவம்பரில் வெளியிட்ட கம்ப்யூட்டர் விளையாட்டு. இன்டர்நெட் வழியாகப் பல நாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் போய் விளையாடுவார்கள். வருஷம் ஆக ஆக விளையாட்டு ரொம்ப மாறிவிட்டதாம். பழசுதான் நல்லா இருந்தது என்று நிறையப் பேர் கேட்டதால், 2019 ஆகஸ்டில் அந்தப் பழைய வடிவத்தையே 'கிளாசிக்' என்று மறுபடி கொண்டு வந்தார்கள். திருப்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகன் அண்ணன் விளையாடுவது இந்தக் கிளாசிக்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மே மாத லீவுக்கு அங்கே போயிருந்தேன். போன இரண்டாம் நாளே அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. கை வலியைவிட ஞாயிற்றுக்கிழமை ரெய்டுக்கு என்ன பண்ணுவது என்ற கவலைதான் அண்ணனுக்குப் பெரிசா இருந்தது. "பாப்பா, நான் பக்கத்துலயே உக்காந்து சொல்றேன், நீ அமுக்கு" என்றாங்க. மூணு நாள் காட்டுப் பன்றிகளை அடித்துப் பழகினேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

ரெய்டில் மூன்று வேலை உண்டு. டேங்க் என்பவர் முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குவார். ஹீலர்கள் அவருக்கு உயிர் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். மற்றவங்க எல்லாம் அடிக்கிறவங்க. அதில் கத்தியோட கிட்டப் போய் அடிக்கிறவங்க ஒரு பக்கம், எட்ட நின்று அடிக்கிறவங்க ஒரு பக்கம். எட்ட நிற்பவர்களில் மந்திரவாதி உண்டு, சூனியக்காரர் உண்டு, வில் வைத்திருக்கும் ஹண்டர் உண்டு. அண்ணனோட ஆள் ஹண்டர், லெவல் 60. கூடவே வளர்ப்பு மிருகமா ஒரு பூனை. (பூனைன்னா நம்ம வீட்டுப் பூனை இல்லை, சிறுத்தை சைஸ். அதுக்குத் தீனி போட்டால்தான் சந்தோஷமா இருக்கும். எனக்கு ரெய்டைவிட அந்த வேலைதான் முதலில் பிடித்தது.)

எட்ட நிற்கிறவங்களுக்கு வேலை சுலபம் என்றுதான் நான் நினைத்தேன். கடி வாங்க வேண்டாம், தூரத்தில் நின்று அம்பு விட்டுக்கொண்டே இருக்கலாம். யார் அதிகம் அடித்தார்கள் என்று திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் வேறு ஓடும். அதில் முதலாவதாக வந்துவிட வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

போன இடத்தின் பெயர் மோல்ட்டன் கோர். மலைக்கு அடியில் நெருப்புக் குழம்பு ஓடும் குகை. பத்துப் பெரிய எதிரிகள், அவங்களை பாஸ் என்பார்கள். இரண்டாவது பாஸ் மேக்மடார், இரண்டு தலை உள்ள பிரம்மாண்டமான நாய்.

இங்கே கோபக் கணக்கை விளக்கணும். பாஸ் யாரைக் கடிக்கும்? யார் மேல் அதிகக் கோபமோ அவரை. நாம் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் அதுக்கு நம் மேல் கோபம் ஏறும். டேங்க் தன்மேல் கோபம் ஏற்றிக்கொள்ளவே தனி வித்தை வைத்திருப்பார். கிட்ட நின்று அடிப்பவரின் கணக்கு டேங்கின் கணக்கில் 110 சதவீதத்தைத் தாண்டினால் பாஸ் அவர் பக்கம் திரும்பிவிடும். எட்ட நிற்பவருக்குக் கொஞ்சம் சலுகை, 130 சதவீதம் வரை தாங்கும். அதாவது டேங்க் மேல் 1000 கோபம் இருந்தால் நான் 1300 வரை போகலாம். ஆனா ஆரம்பத்தில் டேங்க் மேலேயே 100தான் இருக்கும். அப்போ எனக்கு 130தான். ஒரே ஒரு பெரிய அம்பு போதும், தாண்டிவிடும். அதனால்தான் டேங்க் முதலில் பாஸின் கவசத்தை ஐந்து தடவை கிழிக்கும்வரை மற்றவங்க கை வைக்காமல் இருப்பது வழக்கம்.

"அஞ்சு எண்ணு பாப்பா" என்று அண்ணன் சொல்லியிருந்தாங்க. நான் மூணு எண்ணினேன். நிஜமாகவே மூணுதான் எண்ணினேன். குறி பார்த்து விடும் பெரிய அம்பை அமுக்கிவிட்டேன். அது சரியாகப் போய்ப் பட்டது, பெரிய நம்பர் வந்தது, நான் குதித்தேன். நாய் திரும்பியது.

"படு! படு!" என்று அண்ணன் கத்தினாங்க. ஹண்டருக்குச் செத்த மாதிரி படுத்துக்கொள்ளும் வித்தை உண்டு. சின்ன வகுப்பில் படித்த கரடிக் கதை ஞாபகம் இருக்கா, அதே மாதிரி. படுத்தால் நம் மேல் இருந்த கோபம் அத்தனையும் போய்விடும். ஒரு தடவை படுத்தால் அடுத்த 30 செகண்டுக்கு அதைச் செய்ய முடியாது. நான் பதற்றத்தில் பக்கத்துப் பட்டனை அமுக்கினேன். அது பூனையைப் போய்க் கடி என்று ஏவும் பட்டன்.

ஒரு ஆள் செத்தால் என்ன, இன்னும் 39 பேர் இருக்கிறார்களே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நடந்தது வேறு. மேக்மடார் அப்பப்போ ஊளையிடும். ஊளை எட்டுகிற தூரத்தில் இருப்பவர்கள் பயந்து, நம் பேச்சைக் கேட்காமல் கண்டபடி ஓடுவார்கள். ஹீலர்கள் அதுக்கு எட்டாத தூரத்தில் நிற்பார்கள். நானும் அங்கேதான் நின்றேன். நாய் என்னைத் தேடி வந்ததால் ஊளையும் ஹீலர்கள் நடுவிலேயே கேட்டது. எல்லா ஹீலரும் ஓடினார்கள். உயிர் ஏற்ற ஆள் இல்லை. டேங்க் விரட்டிக்கொண்டு வந்து நாயைத் தன் பக்கம் இழுத்தார், உடனே விழுந்தார். அதுக்கப்புறம் ஒவ்வொருத்தராக 40 பேரும் விழுந்தோம்.

செத்தால் கல்லறையிலிருந்து ஆவியாகக் குகைக்கு ஓடி வரணும். கிழிந்த சட்டை, கவசம் எல்லாம் ரிப்பேர் பண்ணக் காசு. திரும்பத் தயாராக 15 நிமிஷம் ஆனது. 40 பேருக்கு 15 நிமிஷம் என்றால் 600 நிமிஷம், அதாவது 10 மணி நேரம். நான் இரண்டு எண்ணிக்கை குறைத்ததுக்கு 10 மணி நேரம். அது ஐரோப்பா சர்வர். அங்கே மதியம், நமக்குச் சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்தவங்க அத்தனை பேர். ஹெட்போனில் யாரோ இங்கிலீஷில் கோபமாக ஏதோ சொன்னார்கள். அண்ணன் "சாரி, என் தப்பு" என்று மட்டும் சொன்னாங்க. என்னைச் சொல்லவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போயிடலாம் என்று பார்த்தேன், "உக்காரு, இன்னொரு தடவை போறாங்க" என்றாங்க.

அந்த 15 நிமிஷத்தில்தான் உண்மையான பாடம் நடந்தது.

முதலில் நிற்கும் இடம். விளையாட்டில் தூரத்தைக் கஜத்தில் சொல்வார்கள். ஹண்டரின் வில் 35 கஜம் போகும், தனிப் பயிற்சி எடுத்திருந்தால் 41. அதே சமயம் எதிரி 8 கஜத்துக்குள் வந்துவிட்டால் வில் வேலை செய்யாது. 5 கஜத்துக்குள் வந்தால்தான் கோடரியால் வெட்டலாம். நடுவில் இருக்கும் அந்த மூணு கஜத்தில் நாம் சும்மா பொம்மை. அதனால் வில் எட்டுகிற கடைசி எல்லையில் நிற்கணும், ஊளையும் அவ்வளவு தூரம் வராது. நின்ற இடத்திலேயே வேர் விட்டு நிற்கவும் கூடாது. மேக்மடார் யார் காலடியிலாவது நெருப்பைத் துப்பிவிடும். அது தரையில் எரிந்துகொண்டே இருக்கும். "இன்னும் ஒரு அம்பு விட்டுட்டுப் போறேன்"னு நினைக்கிறவங்கதான் முதலில் சாகிறவங்க.

ஆனா நடக்கும்போது ஹண்டரால் அம்பு விட முடியாது. இதுக்கு ஒரு நேரக் கணக்கு இருக்கு. வில் தானாகவே சில செகண்டுக்கு ஒரு முறை அம்பு விடும். அம்பு கிளம்பும் முன் கடைசி அரை செகண்ட் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும். அம்பு போன அடுத்த நொடி நகரலாம், அடுத்த அம்புக்குள் நின்றுவிடலாம். இதைப் பழகினால் நகர்ந்ததே தெரியாது, ஒரு அம்பும் வீணாகாது. நம்ம எறிபந்தில் பந்தைப் பிடித்த கையோடு நின்று யோசிக்காமல் உடனே எறிகிறோமே, அந்தத் தாளம்தான். இது எனக்கு உடனே வந்தது. அண்ணனே ஆச்சரியப்பட்டாங்க.

அடுத்தது எதைச் செய்யக் கூடாது என்பது. விஷ அம்பு என்று ஒன்று ஹண்டரிடம் உண்டு. தனியாக விளையாடும்போது அதைத்தான் முதலில் விடுவோம். ரெய்டில் விடக் கூடாதாம். ஏன் தெரியுமா? ஒரு பாஸ் மேல் ஒரே சமயத்தில் 16 தீமைகள்தான் ஒட்டும். டேங்க் கவசம் கிழித்தது ஒன்று, சூனியக்காரர் வைத்த சாபம் ஒன்று என்று அதில் இடம் பிடித்திருக்கும். நம் விஷம் போய் ஒட்டினால் 40 பேருக்கும் பயன்படுகிற ஒன்று கழன்று விழலாம். அதே மாதிரி ஒரே சமயத்தில் மூணு பேர் மேல் பாயும் அம்பு. நல்ல அம்புதான். பின்னால் மேஜர்டோமோ என்று ஒரு பாஸ் வருவார், அவர்கூட எட்டு ஆட்கள். அதில் நாலு ஹீலர்களை நம் மந்திரவாதிகள் செம்மறி ஆடாக மாற்றி ஓரமாக நிற்க வைத்திருப்பார்கள். நம் அம்பு அந்த ஆட்டின் மேல் பட்டால் போதும், ஆடு மறுபடி ஆளாகிவிடும்.

பட்டியலில் முதலாவதாக வரும் ஆசைக்கு அண்ணன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. சண்டை 3 நிமிஷம் என்று வையுங்கள். ஒருத்தர் செகண்டுக்கு 400 அடித்து ஒரு நிமிஷத்தில் செத்துப் போகிறார், மொத்தம் 24,000. இன்னொருத்தர் செகண்டுக்கு 300தான், கடைசிவரை நிற்கிறார், 54,000. நான் கணக்கில் வீக் என்று நம்ம கணக்கு டீச்சருக்குத் தெரியும். இது மட்டும் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

ஹண்டருக்கு மேக்மடாரிடம் இன்னொரு முக்கியமான வேலை இருக்கு. அதை ஹண்டரைத் தவிர யாராலும் செய்ய முடியாது. நாய்க்கு அடிக்கடி வெறி பிடிக்கும். வெறியில் மடமடவென்று கடித்தால் டேங்க் தாங்க மாட்டார். அப்போது சாந்தப்படுத்தும் அம்பு ஒன்றை விட வேண்டும். அந்த வித்தை முதல் பாஸிடம் கிடைக்கும் புத்தகத்தில் கற்றுக்கொள்வது. ஒரு தடவை விட்டால் 20 செகண்ட் காத்திருக்கணும். அதனால் ஹண்டர்கள் முறை போட்டுக்கொள்வார்கள். எங்களில் மூணு பேர், அண்ணன் மூணாவது. அந்த அம்பு சில சமயம் தவறிப்போகவும் செய்யும். அப்போது "மிஸ்" என்று கத்த வேண்டும், அடுத்த முறைக்காரர் உடனே விட வேண்டும். பெரிய அம்புக்குக் குறி பார்க்கவே 3 செகண்ட் ஆகும். நடுவில் "மிஸ்" வந்தால் பாதியில் விடணும், இல்லாட்டி டேங்க் காலி. அதனால் நமக்கு முன்னால் இருப்பவர் முறை வரும்போதே பெரிய அம்பைத் தொடாமல் கை சும்மா இருக்கணும். அந்த நேரமெல்லாம் பட்டியலில் நம் பெயர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பரவாயில்லை என்று விடணும்.

இரண்டாவது தடவை. டேங்க் ஓடினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நான் ஆறும் எண்ணினேன். முதல் வெறிக்கு முதல் ஹண்டர் விட்டார், நாய் அடங்கியது. காலடியில் நெருப்பு வந்தது, அம்பு போனதும் நகர்ந்தேன். இரண்டாவது வெறி. இரண்டாவது ஹண்டர் விட்டார். ஹெட்போனில் "மிஸ்!" என்று சத்தம். அண்ணன் வாய் திறப்பதற்குள் நான் அமுக்கிவிட்டேன். இங்கே அமுக்குவது ஐரோப்பா போய்ச் சேர ஒரு இம்மி நேரம் ஆகும். அந்த இம்மி நேரம் எனக்கு மூச்சே இல்லை. பட்டது. நாய் அடங்கியது. டேங்கின் உயிர்க் கோடு நூல் மாதிரி இருந்து மெல்ல ஏறியது. பெரியம்மா அந்த நேரம் பார்த்து "ஏஞ்சாமி, போண்டா ஆறுது" என்று கூப்பிட்டாங்க. நான் பதிலே சொல்லலை, பாவம்.

நாய் செத்தது. யாரும் என்னைப் பாராட்டவில்லை, அண்ணனுக்குத்தான் "நைஸ்" என்று வந்தது. அப்புறம் கெஹென்னாஸ், கார் என்று இரண்டு பேரை முடித்தோம். ஐந்தாவது பேரன் கெட்டன், நடக்கும் நெருப்புத் தூண். அவர் யாராவது ஒருத்தரைக் குண்டாக மாற்றிவிடுவார். 8 செகண்டில் வெடிக்கும், பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து போவார்கள். குண்டு ஆனவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடிப்பதை நிறுத்திவிட்டு ஆளில்லாத பக்கம் ஓட வேண்டும். எனக்கு வந்தது. ஓடினேன். சுவர் ஓரத்தில் தனியாக வெடித்து, மேலே பறந்து, தொப்பென்று விழுந்தேன். கால்வாசி உயிர் மிச்சம். திரும்பி வந்து மறுபடி அடித்தேன்.

அன்றைக்குப் பட்டியலில் நான் 19ஆவது. அண்ணன் அதை மூடிவிட்டு, யார் யார் எத்தனை தடவை செத்தார்கள் என்ற பக்கத்தைத் திறந்தாங்க. என் பக்கத்தில் 1 என்று இருந்தது. அந்த ஒண்ணு எது என்று உங்களுக்குத் தெரியும்.

ஜூனில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். அண்ணனே விளையாடுறாங்க. நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டரில் இது ஓடுமா என்று யாரும் கேட்க வேண்டாம். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். சார் முறைத்தார்.

(கீழே இருக்கும் இரண்டு தலை நாய் நான் வரைந்தது. சிவப்பு ஸ்கெட்ச் தீர்ந்துவிட்டதால் ஒரு தலை மட்டும் ஆரஞ்சு.)

– ஒன்பதாம் வகுப்பு மாணவி