சேர்வராயன் மலையடிவார ஏரிகள்: எதை முதலில் சீரமைப்பது?
சந்தேகங்களும் விளக்கங்களும்

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையிலிருந்து சரபங்கா, திருமணிமுத்தாறு, வாணியாறு ஆகியவை இறங்குகின்றன. சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்ட ஏரிகள் பலவற்றுக்கு இவையே நீர்வரத்து.

ஏரியைச் சீரமைக்க யாரிடம் மனு கொடுப்பது?
ஆயக்கட்டு 40 ஹெக்டேர் (சுமார் 100 ஏக்கர்) அல்லது அதற்கு மேல் இருந்தால் நீர்வளத் துறையிடமும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் கொடுக்க வேண்டும். ஏரியின் பரப்பு அல்ல, அதனால் பாசனம் பெறும் நிலத்தின் பரப்பே கணக்கு.

மத்திய அரசின் நிதி எல்லா ஏரிகளுக்கும் உண்டா?
இல்லை. பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தில் நிதி பெற, நீர்ப்பரப்பு ஊரகத்தில் குறைந்தது 5 ஹெக்டேரும் நகர்ப்புறத்தில் 1 ஹெக்டேரும் இருக்க வேண்டும்; கிடைக்கும் பலன் செலவுக்குக் குறையக் கூடாது. 2021-26 காலத்துக்கு, பொதுப் பகுதிகளுக்கான மத்தியப் பங்கு 25 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

தூர்வாரினால் மட்டும் போதாதா?
தூர்வாரினால் கொள்ளளவு கூடும், வரத்து கூடாது. மலை ஓடைகளில் வெள்ளம் மழையை ஒட்டிச் சில நாள்களே ஓடும் என்பதால், அப்போது வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் தண்ணீர் ஏரிக்கு வராமல் ஆற்றோடு போய்விடும். கரை உடையும் அபாயம் இருந்தால் கரைக்கும் கோடிக்கும் (உபரிநீர் வழியும் இடம்) முதலிடம். அடுத்து வரத்துக் கால்வாயும் மதகும். தூர்வாருவது அதன் பிறகே. ஆனால் எளிதில் கண்ணில் படும் வேலை அதுதான் என்பதால், கோரிக்கைகளில் முந்திக்கொள்கிறது.

தொடர் ஏரிகளில் எதற்கு முன்னுரிமை?
எடுத்துக்காட்டாக, பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திலுள்ள வாணியாறு அணை ஏறத்தாழ 10,500 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. வெங்கடசமுத்திரம், ஆலாபுரம், தென்கரைக்கோட்டை ஏரிகளும் அதன் நீரை எதிர்பார்த்திருப்பவை. தொடர் ஏரிகளில் மேல் ஏரி நிரம்பிக் கோடி போன பிறகே கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரும் என்பதால், மேலிருந்து கீழாகப் பணி நடப்பதே முறை. மேல் ஏரியின் கோடியை உயர்த்திக் கட்டிவிட்டால் கடைமடை காய்ந்துவிடும். பழைய மட்டத்தை மாற்றக் கூடாது.

மேட்டூர் உபரிநீர் வரும்போது பழைய கால்வாய்கள் எதற்கு?
சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு அந்த உபரிநீரைக் கொண்டுசெல்லும் ரூ.565 கோடி திட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் வெளியேறும் நாள்களில் மட்டுமே திப்பம்பட்டி நீரேற்று நிலையத்திலிருந்து நீரேற்றம் செய்ய முடியும். அதற்கு மின்செலவும் உண்டு. மலைநீரோ பழைய கால்வாய்கள் வழியே மோட்டார் இல்லாமலே இறங்கி வருவது.

வண்டல் மண்ணை விவசாயிகள் எடுக்கலாமா?
எடுக்கலாம், கட்டணம் இல்லை. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி வட்டாட்சியரே அனுமதி தரலாம், விண்ணப்பம் இணையவழியில். அளவு, ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர்.