சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை?

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்று சொல்லிவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 அன்று அந்தச் சட்டத்தோடு சேர்ந்து விடைபெற்றது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு இடமில்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரை நிர்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ஆவது பிரிவில் குற்றமாக எஞ்சியிருக்கிறது. பட்டாவுக்கு அலைந்து சலித்து, ஆட்சியர் அலுவலக வாசலில் விபரீத முடிவுக்குத் துணிபவர் மீது இது பாயலாம். அவருக்குத் தேவை வழக்கா, பட்டாவா என்று யாராவது கேட்க வேண்டும்.

தண்டனை போய்விட்டது. அப்படியென்றால், சாவது உரிமையாகிவிட்டதா? இந்தக் குழப்பம் உச்ச நீதிமன்றத்துக்கே இருந்தது. 1994-இல் பி.ரத்தினம் வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு, வாழும் உரிமைக்குள் வாழாமலிருக்கும் உரிமையும் அடங்கும் என்று கூறி 309-ஆவது பிரிவைச் செல்லாததாக்கியது. 1996-இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைச் செல்லாது என்றது. சாகும் உரிமை என்று ஒன்று அரசமைப்புச் சட்டத்தில் இல்லை என்றார்கள் அவர்கள். ஆனால், இயற்கையாக மரணம் நெருங்கிவிட்டவர் கண்ணியத்தோடு இறப்பது வாழ்வுரிமையில் சேர்ந்ததே என்றும் அதே தீர்ப்பில் எழுதிவைத்தார்கள். பின்னால் வந்த மாற்றங்களுக்கெல்லாம் விதை அந்த வரிதான்.

‘என் உயிர், என் முடிவு’ என்ற வாதத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. என் உடலில் கத்தி வைக்க என் சம்மதம் வேண்டுமென்றால், என் உயிர் விஷயத்தில் மட்டும் அரசுக்கு என்ன வேலை? இதற்கு மதம் சொல்லும் பதிலைவிட மருத்துவம் சொல்லும் பதில் எனக்கு வலுவாகப் படுகிறது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலையாக வந்து தணிவது. முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடனோ, தேர்வு முடிவோ, மனச்சோர்வோ கழுத்தை நெரிக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான முடிவு என்று எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்துபவர், அந்த மனிதர் நாளை யோசித்து முடிவெடுக்கும் சுதந்திரத்தையும் சேர்த்தே காப்பாற்றுகிறார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதே பாதையில்தான் செல்கிறது: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை.

படுக்கையில், மீளவே முடியாத நிலையில் கிடப்பவரின் கதை வேறு. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அங்கேயே ஓர் ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அதன்பின் 40 ஆண்டுகளுக்கும் மேல் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்தி நிம்மதியாகப் போகவிடுங்கள் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் சென்றார். கூடாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் மருத்துவமனை ஊழியர்கள். 2011 மார்ச்சில் வந்த தீர்ப்பு ஊழியர்கள் பக்கம் நின்றது. அருணாவுக்காகப் பேசும் தகுதி, அன்றாடம் அவரைக் குளிப்பாட்டி உணவூட்டியவர்களுக்கே என்றது நீதிமன்றம். உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவதற்கு முதல்முறையாக வழிவிட்டதும் அதே தீர்ப்புதான். அருணா 2015 மே மாதம் நிமோனியாவால் இறந்தார். இரு தரப்பும் அன்போடுதான் பேசின. அருணா என்ன விரும்பினார் என்பது மட்டும் கடைசிவரை எவருக்கும் தெரியவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ‘லிவிங் வில்’ எனப்படும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை அங்கீகரித்தது. வழக்குத் தொடுத்தது ‘காமன் காஸ்’ அமைப்பு. அப்போது வகுத்த நடைமுறை, மாஜிஸ்திரேட் கையொப்பம் வரை நீண்டு, யாரும் நெருங்க முடியாததாக இருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது தெளிந்த மனநிலையிலுள்ள, 18 வயது நிரம்பிய எவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நமக்குப் பேச்சில்லாதபோது நம் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயரை அதில் குறிப்பிடலாம். நேரம் வரும்போது மருத்துவமனையின் முதல்நிலைக் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் உள்ளிட்ட இரண்டாம் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் ஆவணத்தைத் திரும்பப் பெறலாம். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றமே; நெதர்லாந்தைப் போன்ற சட்டம் இங்கே கிடையாது.

அப்படியொரு சட்டம் இங்கே வரக் கூடாது என்பதற்குத் தென்மாவட்டங்களில் ஒரு காரணம் இருக்கிறது. விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல் என்று முதியவர்களைச் சாகடித்துவந்த வழக்கத்தைப் பற்றித்தான் ‘பாரம்’ திரைப்படம் பேசியது. “நான் போய்ச் சேர்ந்துட்டா உங்களுக்கும் நிம்மதி” என்று ஒரு பாட்டி சொன்னால், அது அவருடைய விருப்பமா, மருமகள் முகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்ட பாடமா? சொத்தும் செலவும் கலந்த வீட்டில் தன்னுரிமை என்ற சொல் எளிதில் அடுத்தவர் வசதியாகிவிடும்.

வலியும் அப்படித்தான். மார்பின் கிடைக்காமல் துடிக்கும் புற்றுநோயாளி சாவைக் கேட்டால், அவர் உண்மையில் கேட்பது வலியில்லாத ஓர் இரவாக இருக்கலாம். மருத்துவத் தேவைக்கு மார்பின் பெறுவதை எளிதாக்கி 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வலிதணிப்புப் பராமரிப்பை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இவை எல்லோருக்கும் எட்டிய பிறகுதான் கருணைக்கொலை பற்றிய விவாதத்துக்கே நமக்குத் தகுதி வரும்.

விருப்ப ஆவணம் எழுத நினைப்பவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள். பெட்டியில் பூட்டிவைக்காமல் பிள்ளைகளிடமும் குடும்ப மருத்துவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வந்தால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.