கொடைக்கு ஒரு பரிசு



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குச் செல்லும் சாலை ஏழெட்டுக் கல் தொலைவே உடையது. பேருந்தில் ஏறி அமர்ந்து, ஆண்டாள் கோவில் கோபுரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இராஜபாளையம் வந்துவிடும். இந்தக் குறுகிய வழியை நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி என் மனத்தில் எழுவதுண்டு. கொடுப்பவருக்கு நாம் பரிசு கொடுக்கலாமா? கொடுப்பதே சிறப்பு, அதற்கு மேலும் ஒரு சிறப்பு எதற்கு? இந்தக் கேள்வியை இன்று உங்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறேன்.

கேள்வி எழுந்ததற்குக் காரணம் இவ்விரண்டு ஊர்களே. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பதினொரு நிலைக் கோபுரத்தைத் தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி வழிவழியாக வரும் செய்தி ஒன்று உண்டு. பாண்டியன் வல்லபதேவனின் அவையில் பொற்கிழி ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டது. மெய்ப்பொருள் இன்னதென நிறுவுவோருக்கு அது பரிசு. பெரியாழ்வார் மதுரைக்குச் சென்று அதனை வென்றார். யானைமேல் ஏற்றி அவரை ஊர்வலம் விட்டார்கள். அவரோ அந்தப் பொன்னைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் கோபுரம் எழுப்பச் செலவிட்டார் என்பது மரபு. பெற்ற பரிசே அங்குக் கொடையாக மாறிற்று.

இராஜபாளையத்திலோ செய்தி வேறு வகையானது. அங்கே காந்தி கலைமன்றம் இருக்கிறது. அந்த மன்றத்துக்குத் தம் வீட்டையே கொடுத்தவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. 1898-இல் அந்த ஊரில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கியவர், 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றவர், பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராக இருந்தவர், 1957-இல் மறைந்தவர். அரசுப் பதவியில் அமர்ந்து பொருள் சேர்த்தவர்களைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கிறோம். பதவியில் இருந்தவர் தாம் வாழ்ந்த வீட்டையும் ஊருக்குக் கொடுத்தார் என்று கேட்பது அரிதன்றோ?

ஓர் ஊரில் பரிசு கொடையாயிற்று. மற்றோர் ஊரில், பரிசை எதிர்பாராமலே கொடை நிகழ்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நம் கேள்வி நிற்கிறது.

முதலில் நம் முன்னோர் என்ன எண்ணினார்கள் என்று பார்ப்போம். திருக்குறளில் இல்லறவியலின் முடிவில் மூன்று அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. 22-ஆவது ஒப்புரவறிதல், 23-ஆவது ஈகை, 24-ஆவது புகழ். இந்த வைப்பு முறையை ஊன்றி நோக்குங்கள். வறியவரின் கையில் இடுவது ஈகை. ஊரார் எல்லாருக்கும் பயன்படுமாறு செல்வத்தை நிறுத்துவது ஒப்புரவு. ஊர் உண்ணும் குளத்தையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும் வள்ளுவர் ஒப்புரவுக்கே உவமையாக்குகிறார். குளத்துக்குத் தன் நீரைக் குடித்தவர் யாரென்று தெரியாது. குடித்தவரும் குளத்துக்கு நன்றி சொல்லி நிற்பதில்லை. இன்று நாம் அறக்கட்டளை, நிதியுதவி, பொதுத்தொண்டு நிறுவனம் என்று சொல்வதெல்லாம் இந்த ஒப்புரவின் வழிவந்தவையே. இவற்றுக்குப் பின்னால் புகழ் என்னும் அதிகாரத்தை வைத்ததனால், கொடுப்பவரை உலகம் புகழ்வது குற்றமன்று என்பதும் பெறப்படுகின்றது.

ஆனால் புகழுக்காகக் கொடுப்பது வேறு. கொடுத்ததனால் புகழ் வருவது வேறு. கடையேழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரன் நம் தென்பாண்டி நாட்டுப் பொதிய மலைக்கு உரியவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடும்போது, இப்பிறப்பில் செய்தது மறுபிறப்பில் இலாபமாகத் திரும்பும் என்று கணக்கிட்டு அறம் செய்யும் வாணிகன் அவன் அல்லன் என்கிறார். அந்தக் காலத்துப் புலவர் வாயால் வந்த பாராட்டைவிடப் பெரிய விருது இன்றும் இல்லை. அந்த விருதிலேயே எச்சரிக்கையும் அடங்கியிருப்பதைக் காணுங்கள்.

இனி, கொடை எவ்வாறு நிலைத்து நிற்கின்றது என்பதைச் சற்று விளக்க வேண்டும். மனம் இரங்கிக் கொடுப்பது எளிது. கொடுத்தது நூறாண்டு பயன் தருமாறு செய்வது மிக அரிது. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகள் இதற்கு ஓர் அருமையான பாடம் சொல்கின்றன. ஒரு விளக்கு எந்நாளும் எரிய வேண்டும். அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கென 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்தார்கள். ஆடு செத்துப் போகுமே, கிழடாகுமே என்று நீங்கள் கேட்கலாம். ஆகையால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். சாவதற்கும் மூப்பதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காப்பது ஒப்படைக்கப் பெற்றவரின் கடமை. முதல் குறையக் கூடாது. வருவாயை மட்டுமே செலவிட வேண்டும். இன்றைய அறக்கட்டளையின் அடிப்படை விதியும் இதுவே.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கொடை என்பது ஒருவர் செயலன்று. ஆடு கொடுத்தவர் ஒருவர். ஆட்டை மேய்த்து நெய் அளந்தவர் மற்றொருவர். நாம் முதலாமவரின் பெயரை நினைக்கிறோம், இரண்டாமவரை மறந்துவிடுகிறோம். இரண்டாமவர் தவறினால் விளக்கு அணைந்துவிடும் அல்லவா?

சென்னைப் பச்சையப்ப முதலியாரின் வரலாறு இதற்குச் சான்று. அவர் 1794-இல் மறைந்தார். அறப்பணிகளுக்கென அவர் எழுதிவைத்த பெரும்பொருள் நெடுங்காலம் வழக்கிலும் முறைகேட்டிலும் சிக்கிக் கிடந்தது. பின்னர் நீதிமன்றத்தின் வழியே அது மீட்கப்பட்டது. எஞ்சிய பொருளைக் கல்விக்குப் பயன்படுத்த வழிகண்டவர்களுள் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முக்கியமானவர். 1842-இல் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே கல்லூரியாக வளர்ந்தது. கொடுத்தவர் கண்மூடி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே கொடை கண்விழித்தது. அதைக் கண்விழிக்கச் செய்தவர்களுக்கும் நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மேலைநாட்டார் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவில் எஃகுத் தொழிலால் பெருஞ்செல்வரான ஆண்ட்ரூ கார்னகி, செல்வராகவே சாவது இழிவு என்னும் கருத்தை 1889-இல் எழுதினார். உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்கள் எழ அவர் பொருள் உதவிற்று. அவர் பெயரால் 2001 முதல் கொடையாளருக்குப் பதக்கம் வழங்கப்படுகிறது. நம் நாட்டில் டாட்டா குடும்பத்தார் 2007-லும், அசீம் பிரேம்ஜி 2017-லும் அப்பதக்கத்தைப் பெற்றார்கள். இது பொருள் கொடுத்தவருக்கு உரிய சிறப்பு. அமெரிக்க அறநிறுவனங்களின் பேரவையோ, ராபர்ட் ஸ்கிரிவ்னர் என்பவரின் பெயரால் மற்றொரு பரிசை ஏற்படுத்திற்று. அது நிதியைப் பகிர்ந்தளிக்கும் பணியில் புதுவழி கண்டவர்களுக்கு உரியது. பணம் அவர்களுடையதன்று; அதை எங்கே, எப்போது, எவருக்குக் கொடுத்தால் பயன் பெருகும் என்று கண்ட அறிவு அவர்களுடையது. நெய் அளந்தவருக்கு உரிய பரிசு என்று இதனைச் சொல்லலாம்.

நம் நாட்டில் இப்போது ஒரு புதிய நிலை தோன்றியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இத்துறையில் சிறந்த நிறுவனங்களுக்கு நடுவண் அரசு 2019-இல் தேசிய விருதுகளை வழங்கியது. சட்டம் இடும் கடமையைச் செய்தமைக்கு விருதா என்று சிலர் வினவுவர். வரி செலுத்தியவருக்கு மாலை சூட்டுவதுண்டா என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சட்டம் எவ்வளவு செலவிட வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு நன்றாகச் செலவிட வேண்டும் என்பதைச் சட்டத்தால் சொல்ல முடியாது. அந்த நன்மைக்கே விருது இருக்க வேண்டும். இராஜபாளையம் போன்ற ஆலை நகரத்தில் இதை எளிதில் உணரலாம். 1936-இல் அங்கே நூற்பாலையை நிறுவிய பி. ஏ. சி. இராமசாமி ராஜா, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே தம் ஊரில் கல்விப் பணிகளுக்கு உதவியவர்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்வி நிலையத்தார் சிறந்த கொடையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பாராட்ட விரும்பினார்கள். தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். எங்கள் முன் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் பெருந்தொகை கொடுத்துக் கட்டடம் எழுப்பியவர். மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆண்டுதோறும் நாலைந்து பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தைத் தம் ஓய்வூதியத்திலிருந்து கட்டி வந்தவர். நாங்கள் தொகையைப் பார்த்தோம். அரை மணியில் முடிவு செய்தோம். விழா சிறப்பாக நடந்தது. விழா முடிந்து வெளியே வந்தபோது மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “ஐயா, அந்தக் கட்டடம் இன்னும் பூட்டியேதான் கிடக்கிறது. அந்த அம்மா கட்டிய பணத்தில்தான் நான் பரீட்சை எழுதினேன்” என்றான். அவன் குரலில் சினம் இல்லை, வருத்தம்கூட இல்லை. எனக்குத்தான் விடை சொல்ல வாய் வரவில்லை. கட்டடத்தை நடத்துவதற்கு ஆண்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை. ஆடு கொடுத்தாரா என்று பார்த்தோம். விளக்கு எரிகிறதா என்று பார்க்கவில்லை.

அன்றிலிருந்து, கொடையை மதிப்பிட நான்கு கேள்விகளை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்தவரிடம் இருந்ததில் எவ்வளவு பங்கு கொடுத்தார்? பெற்றவரைத் தலை நிமிரச் செய்தாரா, குனிய வைத்தாரா? கொடுத்தது தொடர்ந்து பயன் தர வழி செய்தாரா? அதைப் பார்த்து வேறு யாரேனும் கொடுக்க முன்வந்தனரா? தலைமை என்பது நான்காவது கேள்வியில்தான் இருக்கிறது. பிறரைக் கொடுக்கத் தூண்டுபவரே கொடையில் தலைவர்.

இந்தக் கேள்விகளோடு அண்மைக்கால விருதுகள் சிலவற்றை நோக்குங்கள். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார்; 1956-இல் பத்மபூஷண் பெற்றார். ஊர் முழுவதையும் கல்விக்கு ஈர்த்த கொடை அது. மதுரையில் ஆயி பூரணம் அம்மாள், வங்கியில் எழுத்தராகப் பணியாற்றியவர். கொடிக்குளம் அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்துவதற்காகத் தம் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை வழங்கினார். அதன் மதிப்பு ஏழு கோடி ரூபாய் அளவில் இருக்கும் என்றனர். மறைந்த தம் மகள் ஜனனியின் பெயரைப் பள்ளிக்கு இட வேண்டும் என்பதே அவர் கேட்டது. 2024-ஆம் ஆண்டு குடியரசு நாள் விழாவில் தமிழக முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே மதுரையில், 2020-இல், யாசகம் பெற்ற பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாகச் சேர்த்து நோய்த்தொற்று நிவாரணத்துக்குக் கொடுத்துவந்த பூல்பாண்டியன் என்னும் முதியவரைச் சமூகத் தொண்டர் என்று மாவட்ட ஆட்சியர் சிறப்பித்தார். ஏற்பவராக இருந்தவர் ஈபவராக எண்ணப்பட்டது அந்த விருதினால்தான். ஒரு மனிதரை ஊர் பார்க்கும் பார்வையையே அது மாற்றிவிட்டது. விருதுக்கு இதைவிட நல்ல பயன் வேறென்ன வேண்டும்?

ஆகவே என் முடிவு இது. கொடுப்பவருக்கு விருது தேவையில்லை. நமக்குத்தான் அது தேவை. எதை நாம் பெரிதென மதிக்கிறோம் என்று இளைஞருக்கு அறிவிக்கும் பலகை அது. பலகையில் தவறான எழுத்தை எழுதினால், வருகின்ற தலைமுறை தவறான வழியில் செல்லும். விளக்கைவிட உபயதாரர் பெயர் பெரிதாக எழுதப்பட்ட குழல்விளக்குகளை நாம் எல்லாக் கோவில்களிலும் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஆனால் எழுதுவித்தவரைப் போலவே, எழுத்தின் அளவைக் கண்டு வணங்கிய நாமும் அதற்குப் பொறுப்பாளிகளே.

இராசராசன் தஞ்சைக் கோவிலில் கல்வெட்டு எழுதுவித்தபோது, தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்னான். பேரரசனின் பொன்னும் பிறர் கொடுத்த சிறு பொருளும் ஒரே கோவிலின் கல்லில் இடம் பெற்றன.

உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் நாளை ஒரு விருதுக் குழு கூடலாம். அதில் நீங்களே உறுப்பினராகவும் அமரலாம். அன்று தொகையைப் பார்ப்பதற்கு முன்பு, அந்தப் பூட்டிய கட்டடத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். எவர் கட்டிய கட்டணத்தில் எந்த மாணவன் தேர்வு எழுதினான் என்று விசாரியுங்கள். அந்த ஆசிரியைக்கு நான் செலுத்தத் தவறிய மரியாதையை, உங்கள் ஊரில் உள்ள அவரைப் போன்ற ஒருவருக்கு நீங்கள் செலுத்துவீர்களாக.