வீட்டுத் தச்சுப் பட்டறையும் எங்கள் காதுகளும்

"ஷெல் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்த காது இது. இந்த வாள் சத்தம் என்ன செய்யப் போகுது?"

யுத்தத்தைக் கடந்து வந்த எங்கள் பிரதேசத்தில் இப்படிச் சொல்வது வழமையாகிவிட்டது. அதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. ஆனால் காதைப் பொறுத்தவரையில் இது தவறான கணக்கு.

2004 சுனாமி கரையோர வீடுகளைக் கொண்டுபோனது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் பாசிக்குடாவில் சுற்றுலா விடுதிகள் வரிசையாக எழுந்தன. வீடோ விடுதியோ, கட்டும்போது கதவு, நிலை, ஜன்னல், கட்டில், மேசை என்று மரவேலை தேவைப்படும். தச்சுவேலை பெரும்பாலும் வீட்டு வளவுக்குள்ளேயே நடக்கிற தொழில். குசினிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு தகரக் கொட்டில் போட்டால் அது பட்டறை. கணவரோ மகனோ வாள் பிடிக்க, அரத்தாள் போடுவதும் வார்னிஷ் பூசுவதும் பலகையின் மறுமுனையைப் பிடிப்பதும் பெண்களின் வேலையாகிறது. சில வீடுகளில் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணே மெசினையும் இயக்குகிறாள். ஆகவே இது தச்சரின் காதைப் பற்றிய விடயம் மட்டுமல்ல. அந்த வளவில் வாழும் எல்லோருடைய காதையும் பற்றியது.

காது சத்தத்துக்குப் பழகுமா?

பழகாது. உட்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு சிறு உறுப்பு உள்ளது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. சத்தத்தின் அதிர்வை மூளைக்கு அனுப்புபவை இவைதான். வயலுக்குள் ஒருமுறை நடந்தால் சாய்ந்த பயிர் நிமிர்ந்துவிடும். தினமும் அதே வழியில் நடந்தால் அங்கே ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சும். பெருஞ்சத்தம் இந்தக் கலங்களுக்குச் செய்வதும் அதுதான். செத்த மயிர்க்கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அதைத் திருப்பித் தர மருந்தும் இல்லை.

எனவே, முன்பு காதைத் துளைத்த வாள் சத்தம் இப்போது அப்படித் தெரியவில்லை என்றால், "பழகிவிட்டது" என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. அந்தச் சத்தத்தைக் கேட்கும் கலங்கள் குறைந்துவிட்டன என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

ஷெல்லும் குண்டும் ஒரே நொடியில் செவிப்பறையைக் கிழிக்கும், உட்காதையும் தாக்கும். வாளும் மின்சீவுளியும் உட்காதின் சேதத்தை வருடக்கணக்கில் சிறிது சிறிதாகச் செய்கின்றன. வெடிச்சத்தத்தில் ஏற்கெனவே அடிபட்ட காதில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் காக்கும் தேவை மற்றவர்களை விட எங்களுக்கே அதிகம்.

இது புதிதாகக் கண்டறிந்த விடயமும் அல்ல. 1700 ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழில்களால் வரும் நோய்கள் பற்றி எழுதிய நூலில் வெனிஸ் நகரத்துச் செம்புத் தொழிலாளரைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒரே பகுதியில் குடியிருந்து நாள் முழுதும் செம்பை அடித்த அவர்களுக்குக் காது மந்தமாகி, முதுமையில் முற்றாகவே கேளாமல் போனதாக எழுதினார்.

முதலில் எது கேட்காமல் போகும்?

கீச்சுச் சுருதிகள்தான் முதலில் போகும். ச, ஸ, த, க போன்ற எழுத்துகளின் ஒலி மங்கும். பிள்ளைகளின் மெல்லிய குரல் பிடிபடாது. "கதைக்கிறது கேட்குது, என்ன கதைக்கிறது என்று விளங்கவில்லை" என்பார்கள். "கூப்பிட்டாலும் கேளாத மாதிரி இருக்கிறார்" என்று வீட்டில் மனஸ்தாபம் வரும். கூட்டத்தில், வங்கியில், அலுவலகத்தில் சொன்னதைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இது பெரிய இழப்பு.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60. மின் துளைகருவியும் அரத்தாள் மெசினும் 90 ஐ ஒட்டி வரும். மின்சீவுளியும் வட்டவாளும் 100 ஐ எட்டும், சில அதையும் தாண்டும். பாதுகாப்பின்றி ஒரு நாளில் தாங்கக்கூடிய நேரமாக நிபுணர்கள் வகுத்த கணக்கு இது:

85 டெசிபல் – 8 மணித்தியாலம்
88 டெசிபல் – 4 மணித்தியாலம்
91 டெசிபல் – 2 மணித்தியாலம்
94 டெசிபல் – 1 மணித்தியாலம்
97 டெசிபல் – 30 நிமிடம்
100 டெசிபல் – 15 நிமிடம்

மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிறது. அதாவது, 100 டெசிபல் வட்டவாள் கால் மணி நேரத்தில் ஒரு முழுநாளின் பங்கைக் காதுக்குள் ஏற்றிவிடுகிறது.

அளவுகருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மெசின் ஓடும்போது ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரோடு கத்திக் கதைக்க வேண்டியிருந்தால், சத்தம் ஆபத்தான அளவில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். வேலை முடிந்து இரவில் காதுக்குள் "ஙொய்" என்ற இரைச்சல் கேட்டால், அன்று காது அளவுக்கு மிஞ்சி அடிபட்டிருக்கிறது.

பஞ்சு போதுமா?

போதாது. பஞ்சும் துணித்துண்டும் சத்தத்தை மிகச் சிறிதளவே குறைக்கும். போனில் பாட்டுக் கேட்கும் 'இயர்போன்' பாதுகாப்பே அல்ல. மெசின் சத்தத்துக்கு மேலாகப் பாட்டைக் கூட்டி வைத்தால் இரட்டைச் சேதம்.

பயன்படுபவை இரண்டு: காதுத் துவாரத்துள் வைக்கும் மென்மையான அடைப்பான், காதை முழுதாக மூடும் காதுக்கவசம். அடைப்பானின் விலை ஒரு வாள் தகட்டின் விலையிலும் குறைவு. பொதியில் 30 என்று எண் போட்டிருந்தால், நடைமுறையில் அதில் பாதியையே நம்புங்கள். அப்படிப் பார்த்தாலும் 100 டெசிபல் 85 ஆக இறங்கும்.

அடைப்பானை வைக்கும் முறை முக்கியம். கையைக் கழுவி, அதை மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். மரத்தூள் படிந்து ஊத்தையானால் எறிந்துவிடுங்கள்.

கவசம் தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். பெரிய தோடு, மூக்குக்கண்ணாடித் தண்டு, தலைமுடி, முக்காட்டுத் துணி இடையில் வந்தால் சத்தம் அந்த இடைவெளியால் நுழையும். தோட்டைக் கழற்றி, முக்காட்டுக்கு உள்ளே கவசத்தை அணியுங்கள்.

செவிப்பறை கிழிந்தவர்களும் காதில் சீழ் வடிபவர்களும் அடைப்பான் வைக்கக் கூடாது. அவர்களுக்குக் கவசமே பொருத்தம்.

வீட்டில் செய்யக்கூடியவை

• பட்டறையைக் குசினியிலிருந்தும் தொட்டிலிலிருந்தும் தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். நாலு பக்கமும் தகரம் அடித்தால் சத்தம் உள்ளேயே மோதித் திரும்பும். வீடில்லாத பக்கத்தைத் திறந்து விடுங்கள்.
• மழுங்கிய வாள் கூடுதலாக அலறும். பல் தீட்டுங்கள். பலகையை இறுக்கிப் பூட்டுங்கள். மேசைக் கால்களின் கீழ் பழைய டயர்த் துண்டு வையுங்கள்.
• அறுக்கும் வேலைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் முடியுங்கள். அந்த நேரம் பிள்ளைகள் தள்ளியே இருக்கட்டும்.
• கர்ப்பிணிகள் மெசின் அருகில் நிற்க வேண்டாம். ஐந்தாறு மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கும். தாய் அணியும் கவசம் பிள்ளையைக் காக்காது.
• மெசினைப் போடுமுன் "போடப் போறன்" என்று குரல் கொடுங்கள். திடீர்ச் சத்தத்தில் பழைய நினைவு வந்து நடுங்குபவர்கள் எங்கள் வீடுகளிலும் அயலிலும் இருக்கிறார்கள். பொழுதுபட்ட பின் மெசினைத் தவிருங்கள். 1996 இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதிகளும் இரவில் குறைந்த அளவையே அனுமதிக்கின்றன.

எங்கே காட்டுவது?

காதில் இரைச்சல் நீடித்தால், ஒரு காது மந்தமாக இருந்தால், தொலைக்காட்சியின் சத்தத்தை வீட்டார் குறைக்கச் சொன்னால், தள்ளிப்போட வேண்டாம். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சைக்குக் கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் பரிசோதிக்கக் கட்டணம் இல்லை. எந்த வருடம், எந்த வெடிப்புக்கு அருகில் இருந்தீர்கள் என்பதையும் வீட்டில் என்ன மெசின் ஓடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் வைத்தியருக்குத் தேவை.

யுத்தத்தில் போன செவிப்புலனை நாங்கள் தடுத்திருக்க முடியாது. வளவுக்குள் தினமும் போவதைத் தடுக்க முடியும். அடுத்த முறை ஆணியோ வாள் தகடோ வாங்க ஹாட்வெயார் கடைக்குப் போகும்போது, வீட்டில் எத்தனை பேர் பட்டறையில் நிற்கிறார்களோ அத்தனை சோடி காது அடைப்பான்களையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.